சொல்லாத துயரும் நீடிய சாந்தமும்

பிரான்சு தேசத்து ஆல்ப்ஸ் மலையில், சலேத் என்னும் சிற்றூருக்கு மேலே, 1846ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள், மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமிக்கும் ஒரு சிறுவனுக்கும் தேவமாதா காட்சி கொடுத்தாள் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. பிள்ளைகள் அங்கே முதலில் கண்டது, அமர்ந்தவாறே இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணை. இந்தப் பக்தியைப் பழனி மலைக்குக் கொண்டுவந்தவர், லூயி சேன் சீர் என்னும் பிரெஞ்சு சேசு சபைக் குரு. 1860களில் அவர் கொடைக்கானலில் எழுப்பிய சலேத் மாதா ஆலயத்துக்கு, ஆண்டுதோறும் ஆகஸ்டு 14, 15 தேதிகளில் நடைபெறும் திருவிழாவின்போது, மேல்மலை கீழ்மலைக் கிராமங்களிலிருந்தும் சமவெளி ஊர்களிலிருந்தும் கிறிஸ்தவர்களும் மற்ற மதத்தாரும் திரண்டு வருகிறார்கள்.

அழுகின்ற தாயின் சந்நிதியில் தம் மனபாரத்தை இறக்கிவைக்க வருகிற இந்த ஜனங்களில் எத்தனை பேர், வீடு திரும்பிய பிறகு, அதே பாரத்தை அடுத்த வீட்டாரிடமோ, உடன் வேலை செய்வோரிடமோ, சொந்தச் சகோதரரிடமோ வாய்விட்டுச் சொல்லக்கூடும்? கொடைக்கானல், பிறர் இன்பமாய்ப் பொழுதுபோக்க வருகிற ஊர். சீசன் காலத்தில் அறை வாடகைக்கு விடுகிறவரும், ஏரிக்கரையில் குதிரை பிடித்து நடத்துகிறவரும், டாக்ஸி ஓட்டுகிறவரும், வீட்டில் என்ன நேர்ந்திருப்பினும் வந்தவர்முன் சிரித்த முகம் காட்டியாக வேண்டும். கடன், குடிப்பழக்கம், பிள்ளையின் படிப்பு, படுக்கையில் கிடக்கும் பெற்றோர், காரணம் சொல்லத் தெரியாத மனச்சோர்வு என்பவற்றில் ஏதோ ஒன்று அந்தச் சிரிப்பின் பின்னால் இருப்பதை வந்தவரும் அறியார், பெரும்பாலும் உள்ளூராரும் அறியார். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தனர். நோயின் தன்மையைப் பொறுத்து அவர்களில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை எதுவும் பெறாதவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்து அமரும் நூறு பேரில் பத்துப் பேராவது இந்தக் கணக்கில் அடங்குவர் என்று எண்ணிப் பார்த்தால், நீடிய சாந்தம், மனதுருக்கம் என்று பிரசங்க பீடத்திலிருந்து நாம் கேட்கும் சொற்கள் யாரை உத்தேசித்தவை என்பது விளங்கும்.

கொடைக்கானல் நகரமே துக்கத்தில் பிறந்தது என்பதை உல்லாசப் பயணிகள் அறிவதில்லை. 1834இல் மதுரையில் ஊழியம் தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தம் மனைவியரையும் மழலைகளையும் தோழர்களையும் அடுத்தடுத்துப் பலிகொடுத்துவிட்டு, உயிர்தப்பியிருக்க ஓரிடம் தேடி மலையேறி, 1845இல் 'சன்னிசைட்', 'ஷெல்ட்டன்' என இரண்டு பங்களாக்களைக் கட்டியதே இந்நகரின் ஆரம்பம். பிறர் துயரை ஆற்ற வந்தவர்கள் என்று ஊரார் கருதியிருந்த அந்த மனிதர்களுக்கு அழுவதற்கென்றும் ஓர் இடம் வேண்டியிருந்தது. நோய்க்கு மலை மருந்தாயிற்று, பிரிவுக்கு ஆகவில்லை. மிஷனரிகளின் பிள்ளைகள் படிப்பின் பொருட்டுக் கடல்கடந்து அனுப்பப்பட்டார்கள். தாய்தந்தையரை ஆண்டுக்கணக்கில் காணாமல் வளர்ந்தார்கள். 1901இல் கொடைக்கானலில் மார்கரெட் எட்டி அம்மையார் முதலானோர் மிஷனரிப் பிள்ளைகளுக்கென ஒரு விடுதிப் பள்ளியை ஆரம்பித்ததற்கு இந்தப் பிரிவே முக்கிய காரணம். அதற்கு முந்திய தலைமுறையில் அப்படிப் பிரிந்து வளர்ந்த ஒரு பெண்ணைத்தான் நாம் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும்.

அவர் ஐடா ஸ்கடர். 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்த அவர், மருத்துவ மிஷனரியாக இருந்த தந்தை இந்தியாவுக்குத் திரும்பிய பின், தாயும் அவரைத் தொடர்ந்து புறப்பட்டுவிட்டதால், அமெரிக்காவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாய் சென்ற இரவில் அந்தச் சிறுமி தாயின் தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று அவர் சரித்திரத்தை எழுதியோர் கூறுகின்றனர். பின்னர் நார்த்ஃபீல்டு என்னும் ஊரில் கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் படித்தபோது, குறும்புக்கும் விளையாட்டுக்கும் பெயர்போனவராக, தாம் ஒருநாளும் மிஷனரியாக மாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லித் திரிந்தவராக அவர் இருந்தார். ஊழியக் குடும்பத்துப் பிள்ளை இப்படிப் பேசுகிறதே என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால், தன்னிடமிருந்து தாயைப் பறித்துக்கொண்ட தேசத்தின்மீது ஒரு குழந்தைக்கு எழுந்த கோபம் அது. வெளியே துடுக்குத்தனமாகத் தெரிந்ததன் உள்ளே ஆறாத புண் ஒன்று இருந்தது.

1890இல், உடல் நலிந்த தாய்க்குத் துணையாகத் திண்டிவனம் வந்திருந்த சமயத்தில், ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து பிரசவ வேதனையில் தவிக்கும் மூன்று இளம்பெண்களுக்கு உதவுமாறு கேட்டனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முகம்மதியர், மற்றொருவரும் உயர்குல இந்து. மருத்துவராகிய தந்தையை அனுப்புகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் எங்கள் பெண்ணைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் மரித்துப்போயிருந்தனர். அமெரிக்காவுக்குத் திரும்பி, 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒரு சிறு அறையில் வைத்தியம் பார்க்க அவர் ஆரம்பித்ததும், 1918இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியதும், அதுவே இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்ததும் தமிழ்நாடு அறிந்த சரித்திரம். நான் இங்கே வற்புறுத்த விரும்புவது வேறு. திரைக்குப் பின்னே ஒருவர் கண்ணிலும் படாமல் மடிந்த அந்தப் பெண்களின் வேதனையை அவர் நெஞ்சு உடனே அறிந்துகொண்டதற்கு, தம் வேதனையையும் ஒருவருக்கும் காட்டாமல் வளர்ந்தவர் அவர் என்பதும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். மறைவான துன்பத்தை அனுபவித்தவர் எல்லோரும் இரக்கமுடையோர் ஆகிவிடுவதில்லை. சிலர் கல்லாகவும் இறுகிப்போகிறார்கள். அந்தத் துன்பத்தைப் பிறரை அறியும் கண்ணாக மாற்றிக்கொள்வது ஒரு சாதனை. 1946இல் பணி ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் 'ஹில் டாப்' என்னும் தம் பங்களாவில் வசித்து, 1960 மே மாதத்தில், 89ஆம் வயதில் இம்மலையிலேயே அவர் காலமானார்.

அவர் வளர்த்த அந்த மருத்துவமனையில்தான், மறைவான துன்பத்தைப் பற்றி நமக்கு மிகவும் பயன்படக்கூடிய ஓர் உண்மை கண்டறியப்பட்டது. கொல்லிமலையில் 1914இல் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து, 1946இல் வேலூரில் அறுவைச் சிகிச்சைப் பணி ஏற்ற பால் பிராண்டு, செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றிருந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து அழுத்தச் சொன்னார். அழுத்திய பிடியில் அவருக்கே வலி பொறுக்கவில்லை. பிடித்தவருக்கோ தாம் நோகச் செய்கிறோம் என்பது தெரியவே இல்லை. அதிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சியில் அவர் கண்டது, தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்ற உலகத்தின் எண்ணம் தவறு என்பதே. நோய் நரம்புகளைக் கெடுத்து வலி உணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. அதனால் அவர்கள் நெருப்பிலிருந்து கிழங்கை வெறுங்கையால் எடுக்கிறார்கள், துருப்பிடித்த பூட்டில் சாவியைச் சதை கிழியும்வரை திருகுகிறார்கள், உறங்கும்போது எலி கடிப்பதையும் அறியாதிருக்கிறார்கள். எலிக் கடியிலிருந்து காப்பதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்த மருத்துவர் அவர்.

அதற்கு முன்பு அந்த மனிதர்களை அஜாக்கிரதையானவர்கள், சொன்னதைக் கேளாதவர்கள், எத்தனை முறை கட்டுப்போட்டாலும் மறுபடி புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் என்று எத்தனை பேர் கடிந்திருப்பார்கள்! குற்றம் சுபாவத்தில் இருப்பதாக எல்லோரும் நினைத்திருக்க, காரணம் கண்ணுக்குத் தெரியாத நரம்பில் இருந்தது. பிராண்டு ஒருமுறை ஒரு நோயாளியின் தோள்மீது கைவைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் விம்மி அழத் தொடங்கினாராம். சொன்னதில் என்ன தவறு என்று வைத்தியர் திகைத்தபோது, இத்தனை ஆண்டுகளில் என்னை யாரும் தொட்டதில்லை, அதனால் அழுகிறேன் என்று விடை வந்ததாம்.

கொடைக்கானலிலேயே இதை ஒத்த ஒரு விஷயம் நம் காலத்தில் நடந்தது. 1980களில் இங்கே நிறுவப்பட்டு, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஊரிலுள்ள பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து, 2001இல் மூடப்பட்டது. அங்கே வேலை செய்தோர் தமக்கு நேர்ந்த பல நோய்களுக்கு அந்த வேலையே காரணம் என்றனர். நிறுவனமோ அப்படிப்பட்ட தொடர்பு இல்லை என்று தொடர்ந்து மறுத்து வந்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர் சார்பில் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அந்த வழக்கின் நியாயத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலை அன்று. ஆனால் வைத்திய நூல்கள் பொதுவாகச் சொல்லும் ஒன்றை ஒவ்வொரு வாசகரும் அறிந்திருப்பது நல்லது. பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தவருக்குக் கை நடுக்கம் மாத்திரமன்றி, முன்கோபம், காரணமற்ற கூச்சம், மறதி, தூக்கமின்மை ஆகியவையும் உண்டாகலாம். நேற்றுவரை சாதுவாக இருந்த ஒரு மனிதர் சிறு விஷயத்துக்கெல்லாம் சீறி விழுவதையும், விருந்தினர் வந்தால் உள்ளறையில் ஒளிந்துகொள்வதையும் பார்க்கிற அயலார், அவருக்கு வேலைத் திமிர் என்றோ, குணம் கெட்டுப்போயிற்று என்றோதானே பேசியிருப்பர்? இரத்தத்திலே விஷம் இருக்கலாம் என்று யார் நினைப்பார்?

எனவே நீடிய சாந்தம் என்பது முதலாவதாகத் தீர்ப்பைத் தாமதப்படுத்துவது. எரிச்சல், சோம்பல், வாக்குத் தவறுதல், கூட்டத்துக்கு வராமை என்பவற்றைக் கண்டவுடன், இவர் இப்படிப்பட்டவர் என்று முடிவு கட்டாமல், நாம் அறியாத ஒன்று இங்கே இருக்கலாம் என்று மனத்திலே ஓரிடம் விட்டுவைப்பது. இது கேட்க எளிது. செய்வது கடினம், முக்கியமாகப் பக்தியுள்ளோருக்குக் கடினம். ஏனெனில் அவர்களிடம் ஆயத்தமான விடைகள் நிறைய உண்டு. மனம் சோர்ந்து போன ஒரு பெண்ணிடம், உங்களுக்கு விசுவாசம் போதாது, இன்னும் அதிகமாக ஜெபம் பண்ணுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று எத்தனை சபைகளில் சொல்லி அனுப்புகிறார்கள்! ஏற்கெனவே தன்னைத் தானே பழித்துக்கொண்டிருப்பவளுக்கு, கடவுளுக்கும் தன்னைப் பிடிக்கவில்லை போலும் என்ற புதியதொரு பாரத்தை ஏற்றி அனுப்புவதன்றி இதனால் வேறு பயன் விளைவதில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து அவன் துன்பத்துக்கு அவனுடைய பாவமே காரணம் என்று விளக்கப் புகுந்தபோதுதான் கெட்டார்கள், கடைசியில் தேவனுடைய கோபத்துக்கும் ஆளானார்கள். உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ச் சுருண்டு படுத்த எலியா தீர்க்கதரிசியிடம் வந்த தூதன் உபதேசம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான்; எலியா மறுபடி உறங்கியபோது உறங்கவிட்டான்; இரண்டாந்தரமும் தட்டியெழுப்பிப் போஜனம் பண்ணச் சொன்னான். வேதத்தில் இதைவிடச் சிறந்த மனநல சிகிச்சையை நான் படித்ததில்லை.

இந்தப் பாடத்தை நம் காலத்தில் ஆழமாகக் கற்றவர் சாட் வாரா என்னும் ஆங்கிலிக்கன் குருவானவர். 1935இல், ஊழியத்தின் தொடக்கத்தில், பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் அடக்கம் செய்ய நேர்ந்தது. பருவமெய்தியபோது ஏற்பட்ட இரத்தப்போக்கைக் கொடிய நோய் என்று தவறாக எண்ணி, கேட்டுத் தெளிய ஒருவரும் இல்லாமல், அவள் தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டிருந்தாள். 1953 நவம்பரில் லண்டனில் தம் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, மனமுடைந்தோர் எந்நேரமும் அழைக்கலாம் என்று அவர் அறிவித்தார். விரைவில் ஒன்றைக் கவனித்தார். தம்மைப் பார்க்கக் காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த சாதாரணத் தொண்டர்களிடம் பேசியதிலேயே பலருக்குப் பாரம் இறங்கிவிட, அவர்கள் குருவானவரைப் பார்க்காமலே ஆறுதலடைந்து சென்றார்கள். அடுத்த ஆண்டே அப்பணியை அவர் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அவ்வழியில் தோன்றிய இயக்கங்களின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் ஆரம்பித்த 'சினேகா'. அங்கேயுள்ள தொண்டர்கள் மதம் பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. கேட்கிறார்கள், கேட்டதை வெளியே சொல்வதில்லை.

தற்கொலை செய்துகொண்டோருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்த காலம் ஒன்று இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் அந்தத் தடை காணப்படவில்லை. நம் நாட்டிலும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது, அவரைப் பராமரிப்பது அரசின் கடமை என்கிறது. நீதி நூலும் திருச்சபையும் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்க, நம் தெருப்பேச்சு மாத்திரம் பழைய இடத்திலேயே நிற்பது தகாது.

கேட்பதற்கு அடுத்தபடி, கூடவே இருப்பது. வேலூர்ப் பாகாயத்தில் 1957இல் டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மனநல நிலையத்தில், நோயாளியைப் பூட்டிய கதவுக்குப் பின்னே தனியே விட்டுச் செல்லாமல், குடும்பத்தாரும் உடன் தங்கி, சமைத்து, சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. எத்தனையோ இடங்களில் மனநோயாளிகள் குடும்பத்தாரிடமிருந்து பிரித்து அடைக்கப்பட்டிருந்த காலத்தில் இது பெரிய காரியம். குடும்பத்தாரின் அயர்ச்சியும் ஒரு மறைவான பாடுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மனநலம் குன்றிய மகனை இருபதாண்டுகளாகப் பராமரிக்கும் தாயிடம், பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்போர் பலர். நீங்கள் தூங்கினீர்களா அம்மா என்று கேட்போர் யார்? அவளுக்கு ஒரு வேளைச் சமையல் செய்து கொடுத்து, ஒரு பிற்பகல் அந்தப் பையனோடு இருந்து, அவளைச் சற்று உறங்க அனுப்புவது, ஆறுதல் வசனங்கள் பத்தை எழுதி அனுப்புவதினும் மேலானது.

பொறுமையின் பெயரால் செய்யப்படும் ஒரு கொடுமையையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பற்றி ஒரு பெண் சொல்லும்போது, அவருக்கும் உள்ளே என்ன கஷ்டமோ, நீ பொறுத்துக்கொள் என்று போதிப்பது கிறிஸ்தவப் பொறுமை அன்று. அவனுடைய துயரத்துக்கு இரங்கலாம், அவனைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லலாம். ஆனால் அவள் உடம்பையும் பிள்ளைகளின் உயிரையும் காப்பது முதற் கடமை. பிறர்மீது பொறுமையைச் சுமத்த நமக்கு உரிமை இல்லை; நம்மளவில் கைக்கொள்ளவே அது நமக்குக் கட்டளையிடப்பட்டிருக்கிறது.

அவ்வாறே, ஒருவர் தம் அந்தரங்கத்தை நம்மிடம் திறந்தால் அதை ஜெபக் கூட்டத்தில் ஜெப விண்ணப்பமாக அறிவித்துவிடுவதும் கூடாது. இத்தகைய துரோகம் ஒருமுறை நடந்தால், அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் மறுபடி வாய் திறவார். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாடுள்ள பெண் கூட்டத்தில் ஒளிந்து வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்டபோது, அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை, மகளே என்று அழைத்தார். அவ்வளவு நாளும் தீட்டென்று ஒதுக்கப்பட்டவளை ஊரார் முன்னிலையில் உறவு சொல்லி அழைத்து, சமாதானத்தோடு போகச் சொன்னார். எப்போது பேச வேண்டும், எதைப் பேச வேண்டும், எவ்வளவு பேச வேண்டும் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல அளவுகோல் வேண்டியதில்லை. சொல்லச் சொல்லித் துருவுவதும் வேண்டாம். இன்று சொல்லாதவர் அடுத்த மாதம் சொல்லக்கூடும், அதுவரையில் நாம் வந்துகொண்டிருந்தால். மருத்துவர் பார்க்க வேண்டிய நோய் என்று தோன்றினால், கூடவே பேருந்தேறிப் போய், வரிசையில் அவரோடு அமர்ந்திருப்பது ஜெபத்துக்கு விரோதமான செயல் அன்று, அதுவும் ஜெபமே.

போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் சபைப் பெரியோருக்கும் என் விண்ணப்பம் இது: ஆலய வளாகத்தில் கதவுள்ள ஓர் அறையையும், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதையும், கேட்பதற்குப் பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேரையும் இதற்கென ஒதுக்குங்கள். வாசகர்களுக்கு, முக்கியமாக இதைப் படிக்கையில் தம் நெஞ்சுக்குள்ளேயே சொல்லாத ஒன்றைச் சுமந்துகொண்டிருப்போருக்கு, ஒரு தகவல்: 2022 முதல் இயங்கிவரும் அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். தயங்காமல் அழையுங்கள்.